பெரிய ஸ்டாக்கை எதிர்கொள்வது எப்படி: போக்கர் டூர்னமென்ட் ஆடுபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பிளைண்ட் 500-1,000. உங்கள் முன்னால் 16,000 சிப் இருக்கிறது. பட்டனில் உட்கார்ந்திருப்பவரிடம் 95,000. அரை மணி நேரமாக இரண்டு கைக்கு ஒரு கை அவரே ரெய்ஸ் செய்து பிளைண்டுகளை அள்ளிக்கொண்டிருக்கிறார். இன்னும் சிலர் வெளியேறினால் மீதி எல்லோருக்கும் பரிசு. அவர் மறுபடியும் 2,200-க்கு ரெய்ஸ் செய்கிறார். நீங்கள் பிக் பிளைண்ட், கையில் ஏஸ்-குயின்.

இந்த இடத்தில் பலர் பயந்து சீட்டை வீசிவிடுகிறார்கள். சிலர் "எவ்வளவு நேரம்தான் பொறுப்பது" என்று கோபத்தில் கால் செய்துவிட்டு, ஃப்ளாப்பில் எதுவும் விழாமல் விழிக்கிறார்கள். இரண்டுமே கணக்குப் போடாமல் எடுத்த முடிவுகள். பெரிய ஸ்டாக்குக்கு, அதாவது அதிகச் சிப் வைத்திருப்பவருக்கு, எதிராக எப்போது ஒதுங்குவது, எப்போது மோதுவது, மோதினால் எந்த வழியில் மோதுவது என்பதற்குத் தெளிவான கணக்கு இருக்கிறது. கொஞ்சம் பொறுமை இருந்தால் யாரும் அதைக் கற்றுக்கொள்ளலாம். இந்தக் கைக்கான விடைக்கு ஐந்தாவது படியில் வருகிறேன்.

இங்கே பேசுவது நோ-லிமிட் ஹோல்டம் டூர்னமென்ட் பற்றி. அடிப்படை விதிகள் தெரிந்தவர் என்று எடுத்துக்கொள்கிறேன். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை இந்தியாவில் 2025 ஆகஸ்ட்டில் நிறைவேறிய மத்திய சட்டம் தடை செய்கிறது. இந்தியாவில் இருப்பவர்கள் பணமில்லாத சிப்பில் பழகுங்கள். வேறு நாட்டில் இருந்தால் அங்கே எது சட்டப்படி சரியோ அதற்குள் ஆடுங்கள்.

படி 1: மோதலின் உண்மையான அளவைக் கணக்கிடுங்கள்

உங்களிடம் 16,000, அவரிடம் 95,000 என்றால் இந்தக் கையில் போட்டி 16,000-க்குத்தான். மீதி 79,000 இந்தக் கையைப் பொறுத்தவரை மேசையில் இல்லை. இரண்டு பேரில் சின்ன ஸ்டாக் எதுவோ அதுதான் எஃபெக்டிவ் ஸ்டாக். அவருடைய கோபுரத்தைப் பார்த்து மிரளும் ஒவ்வொரு முறையும் இதை நினைவுக்குக் கொண்டுவாருங்கள்: உங்களிடம் இருப்பதை மட்டுமே அவரால் எடுக்க முடியும்.

ஆனால் இதற்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது. நீங்கள் தோற்றால் டூர்னமென்ட்டை விட்டே போகிறீர்கள். அவர் தோற்றால் 79,000-த்தோடு அடுத்த கைக்குத் தயாராகிவிடுவார். சிப் அளவில் இருவரும் வைப்பது ஒன்றுதான், விளைவு மட்டும் ஒன்றல்ல. பெரிய ஸ்டாக்கின் பலம் முழுவதும் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. கீழே வரும் எல்லாமே இதிலிருந்து கிளைப்பதுதான்.

சிப்பை எப்போதும் பிக் பிளைண்ட் கணக்கில் எண்ணுங்கள். பிக் பிளைண்ட் 1,000 என்றால் 16,000 என்பது 16 பிக் பிளைண்ட். இப்போது பல டூர்னமென்ட்டுகளில் எல்லோருக்குமான ஆன்டியை (சீட்டுப் போடும்முன் பாட்டில் வைக்கும் கட்டாயத் தொகையை) பிக் பிளைண்டில் இருப்பவரே போடுகிறார். அப்படியானால் ஒரு சுற்றுக்கு உங்களுக்கு ஆகும் செலவு ஸ்மால் பிளைண்ட் 500, பிக் பிளைண்ட் 1,000, ஆன்டி 1,000, ஆக 2,500. ஒரு கையும் ஆடாமல் காத்திருந்தால் 16,000 ஆறு சுற்றில் கரைந்துவிடும். பிளைண்ட் உயர்ந்தால் அதைவிடச் சீக்கிரம். "நல்ல கை வரும்வரை பொறுப்போம்" என்று நினைக்கும்போது இந்த ஆறு சுற்றும் மனதில் இருக்கட்டும்.

படி 2: டூர்னமென்ட் எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

தொடக்கத்தில் பெரிய ஸ்டாக் என்பது பெரிய விஷயமே இல்லை. உங்களிடம் 100 பிக் பிளைண்ட், அவரிடம் 300 என்றால் 100 பிக் பிளைண்டுக்கான வழக்கமான போக்கரை ஆடுங்கள், அவ்வளவுதான். பரிசு தொலைவில் இருக்கும்போது சிப்பின் மதிப்பு கிட்டத்தட்ட நேர்க்கோட்டில் போகும். ஸ்டாக் இரண்டு மடங்கானால் வாய்ப்பும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த நேரத்தில் பெரிய ஸ்டாக்கைக் கண்டு ஒதுங்கினால் நல்ல லாபம் கைவிட்டுப் போகும், ஏனென்றால் உங்கள் நல்ல கைக்கு முழுப் பணமும் கொடுக்கக்கூடியவர் அவர்தான்.

பபிள் நெருங்கும்போது எல்லாம் மாறிவிடும். பரிசு விழத் தொடங்குவதற்குச் சற்று முந்தைய அந்தக் கட்டத்தில்தான் பெரிய ஸ்டாக் உண்மையிலேயே ஆபத்தானது. அப்புறம் கடைசி மேசை. இரண்டையும் தனியாகப் பார்ப்போம்.

படி 3: அந்தச் சிப் எப்படி வந்தது என்று பாருங்கள்

பெரிய ஸ்டாக் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி ஆடுவதில்லை. இரண்டு சுற்று கவனித்தாலே பாதி தெரிந்துவிடும். எத்தனை கையில் முதலில் ரெய்ஸ் செய்கிறார்? யாராவது ரீ-ரெய்ஸ் செய்தால் விடுகிறாரா, ஒட்டிக்கொள்கிறாரா? சீட்டைக் காட்ட வேண்டி வந்தபோது என்ன இருந்தது?

தெரிந்தே அழுத்துபவர் ஒரு வகை. இவர் நிறைய ரெய்ஸ் செய்வார், ஆனால் எதிர்ப்பு வந்தால் அமைதியாக விட்டுவிடுவார். அவருக்கு வேண்டியது பிளைண்டுகள், மோதல் இல்லை. இவருக்கு எதிராக ஆல்-இன் தள்ளுவது நன்றாக வேலை செய்யும்.

இன்னொருவர் எதையும் விடமாட்டார். இரண்டு பெரிய பாட் அதிர்ஷ்டத்தில் விழுந்திருக்கும், சிப் நிறைய இருக்கிறது, "பார்த்துவிடலாம்" என்று எல்லாவற்றுக்கும் கால் செய்வார். இவரிடம் பிளஃப் செய்வதுதான் ஷார்ட் ஸ்டாக்குகள் (குறைவான சிப் வைத்திருப்பவர்கள்) செய்யும் மிகப் பெரிய தவறு. இவரிடம் நல்ல கையை மட்டும் கொண்டுபோங்கள், கொண்டுபோனால் தயங்காமல் பெரிதாகப் பெட் செய்யுங்கள்.

மூன்றாவது வகை, சேர்த்ததைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர். அவர் ரெய்ஸ் செய்தால் கை இருக்கிறது என்று அர்த்தம், விலகிவிடுங்கள். அவர் பிக் பிளைண்டில் இருக்கும்போது நீங்கள் ரெய்ஸ் செய்யலாம். ஸ்டாக்கின் உயரத்தைப் பார்த்து இவரை யாரும் தொடுவதில்லை, அதனாலேயே அந்தப் பிளைண்ட் எளிதாகக் கிடைக்கும்.

படி 4: நாற்காலி

அவர் உங்களுக்கு வலது பக்கம் உட்கார்ந்திருந்தால் நல்லது. பெரும்பாலான கைகளில் அவர் என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டு நீங்கள் முடிவெடுக்கலாம். அவர் இடது பக்கம் இருந்தால் நீங்கள் ஒவ்வொரு முறை ரெய்ஸ் செய்யும்போதும் அவர் பின்னால் காத்திருக்கிறார். இடம் மாற்றிக்கொள்ளவும் முடியாது. அதனால் ஆட்டத்தை மாற்றுங்கள்: பட்டனிலும் அதற்கு முந்தைய இடத்திலும் வழக்கமாக ரெய்ஸ் செய்யும் பலவீனமான கைகளைக் குறையுங்கள். 10-இலிருந்து 15 பிக் பிளைண்ட் வைத்திருந்தால் சின்ன ரெய்ஸ் செய்துவிட்டு அவருடைய ஆல்-இன்னுக்கு விடுவதைக் காட்டிலும், ஆடத் தகுந்த கையோடு நேராக ஆல்-இன் தள்ளுவதே மேல். ரெய்ஸ் செய்துவிட்டு விடுவது அந்த அளவு ஸ்டாக்குக்குக் கட்டுப்படியாகாது.

படி 5: கால் செய்பவராக இருக்காதீர்கள், தள்ளுபவராக இருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். ஆல்-இன் தள்ளுபவர் இரண்டு வழியில் ஜெயிக்கலாம்: எதிரி விட்டுவிடலாம், அல்லது சீட்டு விரிந்தபின் நம் கை நிற்கலாம். கால் செய்பவருக்கு இரண்டாவது வழி மட்டும்தான். அதனால் ஒரே கை தள்ளுவதற்குப் போதுமானதாகவும், கால் செய்வதற்குப் போதாததாகவும் இருக்கலாம்.

இப்போது அந்த ஏஸ்-குயினுக்கு வருவோம். நீங்கள் 1,000 ஆன்டியும் 1,000 பிக் பிளைண்டும் போட்டுவிட்டீர்கள், கையில் 14,000. பாட்டில் ஸ்மால் பிளைண்டின் 500, உங்கள் 2,000, அவருடைய 2,200, ஆக 4,700. நீங்கள் ஆல்-இன் தள்ளி அவர் விட்டுவிட்டால் அந்த 4,700 உங்களுடையது. 14,000 வைத்திருப்பவருக்கு அது மூன்றில் ஒரு பங்கு உயர்வு, ஃப்ளாப் பார்க்காமலே.

அவர் கால் செய்தால்? இன்னும் 12,800 போட வேண்டும், பாட் 31,500 ஆகும். அவருக்குச் சுமார் 41 சதவீத வெற்றி வாய்ப்பு இருந்தால் போதும். பாதிக் கைகளில் ரெய்ஸ் செய்பவருக்கு அவற்றில் பல இந்தக் கோட்டைத் தொடாது. கால் செய்யும் கைகளுக்கு எதிராக உங்கள் ஏஸ்-குயினுக்கு 50 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். 31,500-இல் பாதி 15,750, நீங்கள் போட்டது 14,000. கால் வந்தால்கூடச் சராசரியில் 1,750 லாபம். சிப் கணக்கில் இதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

சரி, கை இதைவிடப் பலவீனமாக இருந்தால்? ஒரே சூட்டில் ஏஸ்-5 போன்ற ஒரு கை, கால் வந்தால் 35 சதவீதம்தான் ஜெயிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 31,500-இல் 35 சதவீதம் 11,025. போட்டது 14,000. கால் வந்தால் சராசரியில் 2,975 நஷ்டம், விட்டால் 4,700 லாபம். இரண்டும் சமமாகும் புள்ளி, அவர் நூற்றுக்கு 39 முறை விடுவது. அதற்கு மேல் விடுகிறார் என்றால் தள்ளுவது லாபம். மூன்றாவது படியில் அவரைக் கவனிக்கச் சொன்னது இதற்காகத்தான். அழுத்துபவர் 39-க்கு மேல் விடுவார். எதையும் விடாதவர் விடமாட்டார்.

இந்தத் தள்ளல் நன்றாக வேலை செய்வது ஏறக்குறைய 12-இலிருந்து 22 பிக் பிளைண்ட் வரை. அதற்குக் கீழே போனால் உங்கள் ஆல்-இன் பெரிய ஸ்டாக்கைப் பயமுறுத்தாது. 6 பிக் பிளைண்டோடு அவருடைய ரெய்ஸ் மேல் தள்ளினால் பாட்டின் விலைக்கே கால் செய்துவிடுவார். அந்த நிலைக்கு வந்துவிட்டால் அவர் ரெய்ஸ் செய்யும்வரை காத்திருக்காமல், எல்லோரும் ஃபோல்ட் செய்து உங்களிடம் வரும்போது முதலில் நீங்களே தள்ளுங்கள். பின்னால் இருப்பவர்களில் யாரிடம் நடுத்தர ஸ்டாக் இருக்கிறது என்றும் பாருங்கள். விட்டுக்கொடுக்க அதிகக் காரணம் உள்ளவர்கள் அவர்கள்தான்.

16 பிக் பிளைண்டில் ஏஸ்-குயினோடு வெறும் கால் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. செய்யலாம், ஆனால் மூன்று ஃப்ளாப்பில் இரண்டில் உங்களுக்கு ஜோடிகூட விழாது, அவர் பெட் செய்வார், நீங்கள் முன்னணியில் இருந்துகொண்டே விடுவீர்கள். அவர் ஆசைப்படுவதும் அதைத்தான்.

படி 6: ஃப்ளாப்புக்குப் பிறகு

25, 30 பிக் பிளைண்டுக்கு மேல் வைத்திருந்தால் ஃப்ளாப் பார்க்க வேண்டிவரும். அப்போது சில பழக்கங்களை மாற்ற வேண்டும்.

அழுத்துபவருக்கு எதிராக நல்ல கை விழுந்தால் முந்திக்கொண்டு பெட் செய்யாதீர்கள், செக் செய்யுங்கள். அவரே உங்களுக்காகப் பாட்டை வளர்ப்பார். மேல் ஜோடி, நல்ல கிக்கர் (ஜோடிக்குத் துணையான பெரிய சீட்டு) என்றால் செக், கால், மறுபடி செக், கால் என்று போவது பெரும்பாலும் செக்-ரெய்ஸைவிட அதிகம் கொண்டுவரும், ஏனென்றால் அவருடைய பிளஃப்களை நீங்கள் விரட்டவில்லை. கால் செய்வதற்கான விலையைத் தெரிந்துவைத்திருங்கள்: பாட் அளவு பெட் என்றால் மூன்றில் ஒருமுறை நீங்கள் ஜெயித்தால் போதும், பாதிப் பாட் பெட் என்றால் நான்கில் ஒருமுறை.

சின்ன ஜோடியோடு செட் (கையில் உள்ள ஜோடிக்கு மூன்றாவது சீட்டு மேசையில் விழுவது) தேடுவதைக் குறையுங்கள். ஃப்ளாப்பில் செட் விழுவது சுமார் எட்டரை முறைக்கு ஒருமுறை. ஆழமான ஸ்டாக் இருந்தால் அந்த ஒருமுறையில் மற்ற முறைகளின் செலவை எடுத்துவிடலாம். 20 பிக் பிளைண்டில் முடியாது. ஒவ்வொரு முறையும் இரண்டு பிக் பிளைண்ட் கொடுத்துவிட்டு விடுவதுதான் நடக்கும்.

டிரா (இன்னும் ஒரு சீட்டு வந்தால் முழுமையாகும் கை) விழுந்தால் முதலில் நீங்களே ஆல்-இன் போகும் வாய்ப்பைத் தேடுங்கள். கால் செய்துகொண்டே போனால் அவர் கேட்கும் விலையைக் கொடுக்க வேண்டியிருக்கும். ஃப்ளஷ் டிராவுக்கு இரண்டு சீட்டு பாக்கி இருக்கும்போது சுமார் 35 சதவீத வாய்ப்பு. அதோடு அவர் விடும் வாய்ப்பும் சேர்ந்தால் நல்ல ஆல்-இன் ஆகிவிடும். கால் மட்டும் செய்தால் அந்தச் சேர்க்கை கிடைக்காது.

இவ்வளவும் சரியாகச் செய்தும் தோற்கலாம். 2010 உலகப் போக்கர் தொடரின் மெயின் ஈவென்ட்டில் 15 பேர் மீதம் இருந்தபோது மாட் அஃப்லெக்கிடம் இரண்டு ஏஸ், ஜொனாதன் டுஹாமெலிடம் இரண்டு ஜாக். ஃப்ளாப் 10-9-7, டர்ன் குயின். அஃப்லெக் ஆல்-இன். டுஹாமெல் வெகுநேரம் யோசித்துக் கால் செய்தார். அவருக்கு உதவக்கூடிய சீட்டுகள் 44-இல் 10: நான்கு 8, நான்கு கிங், இரண்டு ஜாக். ஏறக்குறைய 23 சதவீதம். ரிவரில் 8 விழுந்தது. அஃப்லெக் 15-ஆம் இடத்தில் வெளியேறினார், டுஹாமெல் அந்த ஆண்டின் சாம்பியன் ஆனார். அஃப்லெக் செய்ததில் எனக்கு ஒரு தவறும் தெரியவில்லை. 77 சதவீதத்தோடு சிப் முழுவதையும் உள்ளே வைப்பதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆனால் அவரிடம் மேலும் சிப் இருந்திருந்தால் ஆட்டம் தொடர்ந்திருக்கும். கவர் செய்யப்பட்டவர், அதாவது எதிரியைவிடக் குறைவான சிப் வைத்திருப்பவர், கொடுக்கும் விலை இதுதான்.

படி 7: பபிளின் கணக்கு

டூர்னமென்ட்டில் சிப்பும் பணமும் ஒன்றல்ல. எல்லாச் சிப்பையும் ஜெயித்தவருக்கும் முதல் பரிசு மட்டும்தான் கிடைக்கிறது, மீதிப் பரிசு மற்றவர்களுக்குப் போகிறது. இதைக் கணக்கிடும் முறைக்கு ஐசிஎம் (Independent Chip Model) என்று பெயர். 1973-இல் டேவிட் ஹார்வில் குதிரைப் பந்தயத்துக்காக எழுதிய சூத்திரமும் இதுவும் ஒன்றே. போக்கருக்கு அதை 1987-இல் கொண்டுவந்தவர் மேசன் மால்முத்.

எண்ணில் பார்த்தால்தான் இதன் கனம் புரியும். நான்கு பேர் மீதம், மூன்று பேருக்குப் பரிசு: 50,000, 30,000, 20,000. சிப் நிலவரம்: பெரிய ஸ்டாக் 9,000, நீங்கள் 5,000, மற்ற இருவரும் தலா 3,000. பிளைண்டை ஒதுக்கிவைத்துக் கணக்கிட்டால் உங்கள் 5,000 சிப்பின் மதிப்பு இப்போது சுமார் 26,700.

பெரிய ஸ்டாக் ஆல்-இன் தள்ளுகிறார். நீங்கள் கால் செய்து ஜெயித்தால் உங்களிடம் 10,000 சிப், அதன் மதிப்பு சுமார் 37,000. தோற்றால் பூஜ்யம். சிப் இரண்டு மடங்கு ஆனது, பணம் 10,300 மட்டுமே கூடியது. வைத்ததோ 26,700. இது சமமாக வேண்டுமானால் நீங்கள் நூற்றுக்கு 72 முறை ஜெயிக்க வேண்டும்.

72 என்பது எவ்வளவு பெரிய எண் என்று பாருங்கள். அவர் சீட்டைப் பார்க்காமலே, எந்த இரண்டு சீட்டோடும் ஆல்-இன் தள்ளுகிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் ஏஸ்-கிங் ஜெயிப்பது 65-இலிருந்து 67 சதவீதம்தான். இரண்டு 9-உம் அதைவிடப் பெரிய ஜோடிகளும் மட்டுமே 72-ஐத் தொடும். அவர் கொஞ்சமாவது பார்த்துத் தள்ளுகிறார் என்றால் இரண்டு 9-உம் போதாது. முதல்முறை இதைக் கையால் போட்டுப் பார்த்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை, மூன்று முறை திருப்பிப் போட்டேன். பாட்டில் பிளைண்டும் ஆன்டியும் இருக்கும்போது தேவை சற்று இறங்கும். ஆனாலும் பபிளில் பெரிய ஸ்டாக்குக்கு எதிராக ஏஸ்-கிங்கை விடுவது கோழைத்தனம் இல்லை என்பதைக் கணக்கே சொல்கிறது.

இப்போது அதே மேசையில் 3,000 வைத்திருப்பவர் ஆல்-இன் தள்ளினால்? தோற்றாலும் உங்களுக்கு 2,000 மிஞ்சும், ஜெயித்தால் நேராகப் பரிசுக்குள். தேவையான வாய்ப்பு 57 சதவீதமாக இறங்குகிறது. அதே நீங்கள், அதே சீட்டு, எதிரி மட்டும் மாறினார்: 72 எங்கே, 57 எங்கே! பபிளில் உங்கள் சண்டைகளைச் சின்ன ஸ்டாக்குகள் பக்கம் நகர்த்துங்கள் என்று சொல்வது இதனால்தான்.

மறுபக்கத்தையும் போட்டுப் பார்த்தேன். உங்களோடு மோதும் பெரிய ஸ்டாக்குக்கும் இது இலவசம் இல்லை. உங்களுடைய ஆல்-இன்னுக்கு அவர் கால் செய்ய வேண்டுமானால் அவருக்கும் சுமார் 58 சதவீதம் தேவை. தோற்றால் அவர் 4,000-க்கு இறங்கிவிடுவார். நியாயமாக ஆடுபவராக இருந்தால் அவரும் உங்களோடு மோத விரும்பமாட்டார். ஐந்தாவது படியில் சொன்ன "தள்ளுபவராக இருங்கள்" என்பது இங்கே இன்னும் கூர்மையாகிறது: அவர் தள்ளும்முன் நீங்கள் தள்ளிவிட்டால் அந்தக் கடினமான முடிவு அவர் மேல் விழுகிறது.

இது நான்கு பேர் மட்டும் மிஞ்சிய சின்ன டூர்னமென்ட்டின் கணக்கு. நூறு பேர் மீதம் இருக்கும் பெரிய டூர்னமென்ட்டில் முதல் பரிசடுக்கு மொத்தத்தில் சிறியது, அதனால் தேவை இவ்வளவு உயராது. திசை அதேதான்.

சாட்டிலைட் (பெரிய டூர்னமென்ட்டுக்கான நுழைவுச்சீட்டே பரிசாகக் கிடைக்கும் போட்டி) என்றால் நிலைமை உச்சத்துக்குப் போய்விடும். பத்துப் பேருக்கு ஒரே மாதிரியான நுழைவுச்சீட்டு, பதினொரு பேர் மீதம், உங்களிடம் சராசரிக்கு மேல் சிப், ஒருவரிடம் ஒரே ஒரு பிக் பிளைண்ட். பெரிய ஸ்டாக் ஆல்-இன் தள்ளினால் இரண்டு ஏஸைக்கூட விடுவது சரியாக இருக்கும். முதலிடத்துக்கும் பத்தாமிடத்துக்கும் பரிசு ஒன்றுதான், ஜெயித்து என்ன கிடைக்கப்போகிறது? 2003-இல் கிறிஸ் மனிமேக்கர் இணையச் சாட்டிலைட் ஒன்றின் வழியாகத்தான் மெயின் ஈவென்ட்டுக்கு வந்து, 839 பேரில் முதலாவதாக 25 லட்சம் டாலர் ஜெயித்தார். அப்படி நுழைபவர்களுக்கு முதல் வேலை சிப் சேர்ப்பது அல்ல, பிழைத்திருப்பது.

இந்தக் கணக்கை மேசையில் உட்கார்ந்து யாராலும் போட முடியாது. வீட்டில் போட வேண்டும். ஐசிஎம்ஐசர், ஹோல்டம் ரிசோர்சஸ் கால்குலேட்டர் போன்ற மென்பொருள்கள் இதற்காகவே இருக்கின்றன. ஆடி முடித்ததும் பெரிய ஸ்டாக்கோடு மோதிய ஒரு கையையாவது எழுதிவைத்து, யாரிடம் எவ்வளவு சிப் இருந்தது என்பதோடு போட்டுப் பாருங்கள். ஒரு மாதத்தில் எண்கள் மனதில் உட்கார்ந்துவிடும்.

படி 8: கடைசி மேசையில் நடுவில் மாட்டிக்கொண்டால்

கடைசி மேசையில் மிகவும் சிக்கலான இடம் ஷார்ட் ஸ்டாக்கினுடையது அல்ல, இரண்டாவது மூன்றாவது பெரிய ஸ்டாக்கினுடையது. உங்களுக்குக் கீழே மூன்று பேர் 8 பிக் பிளைண்டோடு தவிக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவராக வெளியேறும்போது உங்கள் பரிசு தானாக ஏறும். இந்த நேரத்தில் முதலிடத்தில் இருப்பவரோடு பெரிய பாட் ஆடி வெளியேறினால் அந்த மூன்று படியையும் அவர்களுக்குத் தானம் செய்கிறீர்கள். அவரும் இதைத் தெரிந்துதான் உங்களை அழுத்துவார். விட்டுக்கொடுங்கள், ஆனால் மேசையின் மற்ற பக்கத்தில் விடாதீர்கள்: ஷார்ட் ஸ்டாக்குகளின் பிளைண்டுகளை நீங்கள் எடுக்க வேண்டும், இல்லையென்றால் நீங்களே ஷார்ட் ஸ்டாக் ஆகிவிடுவீர்கள்.

மேசையில் மிகக் குறைவாக வைத்திருப்பவர் நீங்கள்தான் என்றால் இந்தக் கட்டுப்பாடு பெரிதும் தளர்ந்துவிடும். இழக்க அதிகம் இல்லை. 2009 மெயின் ஈவென்ட் கடைசி மேசையில் ஜோ காடா ஒரு கட்டத்தில் மொத்தச் சிப்பில் ஏறக்குறைய ஒரு சதவீதத்துக்கு இறங்கினார். அங்கிருந்து ஏறினார். வழியில் இரண்டு 3-ஓடு ஜெஃப் ஷுல்மனின் இரண்டு ஜாக்குக்கு எதிராகவும், இரண்டு 2-ஓடு அன்டோன் சாவுட்டின் இரண்டு குயினுக்கு எதிராகவும் செட் விழுந்தது. 21 வயதில் சாம்பியன். அதிர்ஷ்டம் நிறையவே இருந்தது, மறுக்க முடியாது. ஆனால் சிப் கரையும்வரை காத்திருப்பவர் பக்கம் அந்த அதிர்ஷ்டம் வருவதற்கே வழியில்லை.

படி 9: இருவர் மட்டும் மிஞ்சும்போது

இருவர் ஆட்டத்துக்கு வந்துவிட்டால் ஏழாம் படியின் கணக்கை மறந்துவிடுங்கள். இரண்டாம் பரிசு ஏற்கெனவே இருவருக்கும் உறுதி, போட்டி மீதி வித்தியாசத்துக்கு மட்டும். சிப் மறுபடி நேர்க்கோட்டு மதிப்புக்கு வந்துவிடும். 50 சதவீதத்துக்கு மேல் வாய்ப்புள்ள ஆல்-இன் எல்லாமே நல்ல ஆல்-இன்தான், பாட்டில் இருக்கும் பிளைண்டைச் சேர்த்தால் அதற்குக் கீழேயும்கூட. இவ்வளவு நேரம் ஒதுங்கிப் பழகியவர்கள் இங்கே வந்தும் ஒதுங்கிக்கொண்டே இருந்து தோற்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எதிரியிடம் மூன்று பங்கு, உங்களிடம் ஒரு பங்கு என்றால் சமமான இரண்டு ஆல்-இன்களை அடுத்தடுத்து ஜெயிக்க வேண்டும். அதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று, உங்கள் சிப் பங்கும் அதேதான். அதற்கு மேல் கிடைப்பதெல்லாம் ஆட்டத்திறன். பட்டனில் இருப்பவரே ஸ்மால் பிளைண்ட், ஃப்ளாப்புக்குப் பிறகு கடைசியாக ஆடுபவரும் அவரே. பட்டன் உங்களிடம் இருக்கும்போது பெரும்பாலான கைகளை ஆடுங்கள், ரெய்ஸைச் சின்னதாக வையுங்கள். 10 பிக் பிளைண்டுக்கு வந்துவிட்டால் ஏஸ் எதுவாக இருந்தாலும், ஜோடி எதுவாக இருந்தாலும், பெரும்பாலான கிங்குகளோடும் பட்டனிலிருந்து ஆல்-இன் தள்ளுங்கள். ஒருமுறை இரட்டித்தால் நீங்கள் சமநிலைக்கு வந்துவிடுகிறீர்கள். அதற்கு மேல் ஒரு சிப் கூடினாலும் உங்களைக் கவர் செய்ய அந்த மேசையில் யாரும் இல்லை.